மூட்டத்துக்குள்ள விழுந்த கோல்: மூணாம் டிவிசன் கிளப் பின்னாடி போன கதைகள் (இலங்கை மலைநாட்டு ஃபுட்போல் ரசிகர்கள் எழுதினது, ஒவ்வொன்னுக்கும் மேல எழுதினவரோட ஊர்)

பொகவந்தலாவை

மூணாம் டிவிசன் கிளப் பின்னாடி லொறியில தொங்கிக்கிட்டு போனவங்க இங்க நிறைய பேர் இருப்பீங்க. லொறி, சந்தா, கழுவினா சாயம் போற ஜேர்சி எல்லாம் உங்களுக்கே தெரியும். அதுக்குள்ள போகல. எனக்கு ஒரே ஒரு விசயத்தைச் சொல்லணும். இத்தனை வருசமா யார்கிட்டயும் சொன்னதில்ல.

1996. இலங்கை கிரிக்கெட்ல உலகக் கிண்ணம் எடுத்த வருசம். மார்ச் மாசத்துக்குப் பிறகு எங்க தோட்டத்துல பாதிப் பயலுக மட்டையைத் தூக்கிட்டானுக. ஃபுட்போலுக்குப் பதினொரு பேர் சேர்க்கிறதே பெரும்பாடு. அப்படியிருந்தும் ரெண்டாம் டிவிசனுக்கு ஏற ஒரே ஒரு மெச்தான் மிச்சம். டிரோ ஆனா போதாது, ஜெயிக்கணும். எதிர்ல டிக்கோயா பக்கத்துத் தோட்டம் ஒன்னு.

ஆடி மாசம். காலையிலேயே தூறல். இடைவேளைக்குப் பிறகு ஆத்துப் பக்கமிருந்து மூட்டம் ஏறி வந்துச்சு. அந்தப் பக்கத்து கோல் கம்பம் முதல்ல மறைஞ்சது, அப்புறம் நடுக்கோடு. ஆளுகளோட குரல் மட்டும்தான் கேட்டுச்சு. எனக்குப் பன்னெண்டு வயசு. மழைக்குச் சாக்கைத் தலையில கொங்காணியாப் போட்டுக்கிட்டு இந்தப் பக்கத்து கோலுக்குப் பின்னால நின்னேன், கம்பத்தைத் தொடுற தூரம்.

எங்க லெஃப்ட் அவுட் ஓடி வந்து அடிச்சார். பந்து கம்பத்துக்கு வெளியில போச்சு. ஒரு சாண் இருக்கும். பக்கத்து வலையில ஒரு பெரிய ஓட்டை, மாடு கொம்பை விட்டுக் கிழிச்சது. அதுக்கு முந்தின வாரமே கட்டணும்னு சொல்லிக் கட்டாம விட்டிருந்தாங்க. பந்து அந்த ஓட்டையால நுழைஞ்சு வலைக்குள்ள சேத்துல போய் நின்னுச்சு.

ரெபரி மூச்சு வாங்க ஓடி வந்தார். லைன்ஸ்மன் மூட்டத்துக்குள்ள எங்கேயோ நிக்கிறார். பந்து உள்ள கிடக்கு, எங்க ஆளுக கையைத் தூக்கிக் கத்துறாங்க. ரெபரி சுத்திப் பார்த்துட்டு என்னைப் பார்த்தார். "தம்பி, உள்ளுக்குத்தானே போச்சு?"

"ஆமா சேர். கோல்."

அந்த கோல்கீப்பர் சண்டைக்கு வரல. சேத்துல முட்டி போட்டபடியே திரும்பி என்னைப் பார்த்தார். நெத்தியில இருந்து மூக்கு வரைக்கும் செம்மண். "நீ பார்த்ததானே தம்பி?" அவ்வளவுதான் கேட்டார். நான் தலையைக் குனிஞ்சுகிட்டேன். அவர் எழுந்து, வலைக்குள்ள போய், பந்தை எடுத்து ரெபரி கையிலயே குடுத்தார்.

ஒன்னுக்கு சைபர். லொறியில பாட்டு, கோயிலடியில வெடி. அப்பா என்னைத் தோள்ல தூக்கிக்கிட்டுதான் லயத்து வீட்டுக்கு வந்தார். அப்பா இப்ப இல்ல. அவர்கிட்டயும் சொல்லல.

பதுளை

பொகவந்தலாவைத் தம்பி, உங்க மேல பிழையே இல்ல. நடுவுல நின்னு பார்த்தா ரெண்டு கோலும் தெரியாத நேரத்துல ரெபரி ஆட்டத்தை நிறுத்தியிருக்கணும். வலை கிழிஞ்சிருக்கான்னு ஆட்டத்துக்கு முன்னாடி பார்க்கிறதும் அவங்க வேலை. வெளியில நிக்கிற பிள்ளைகிட்ட கேட்டு கோல் குடுக்கிறதுன்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல. பெரிய இடத்துலயே இது நடந்திருக்கு. 2013ல ஜெர்மனி புண்டஸ்லீகாவுல, ஹொஃபன்ஹைம் மைதானத்துல, லெவர்குசன் டீம் ஆட்டக்காரர் கீஸ்லிங் தலையால அடிச்ச பந்து பக்கத்து வலை ஓட்டையாலதான் உள்ள போச்சு. கோல் குடுத்தாங்க. முறைப்பாடு போயும் மறுபடி ஆட விடல. அத்தனை கெமரா இருந்த இடத்துலயே அப்படி. நீங்க பன்னெண்டு வயசுப் பிள்ளை.

இன்னொன்னு, ஆடி மாசம்னா மழையும் மூட்டமும்னு எழுதுறீங்க. அது உங்க பக்கம். எங்க ஊவா மாகாணத்துல ஆடியில காத்துதான், பந்தை மேல தூக்கினா திரும்பி வரும். எங்களுக்கு மழை ஐப்பசியில பிடிச்சா தை வரைக்கும். மலைநாடுன்னா ஹட்டன் மட்டும் இல்ல.

என் கதை. எங்க சென்டர் ஃபோவட் கொழும்புல, புறக்கோட்டையில மொத்தக் கடையொன்னுல மூட்டை தூக்கினவர். சனிக்கிழமை கடை பூட்டினதும் இரவுத் தபால் கோச்சி (ரயில்) ஏறுவார். இருக்கை கிடைக்காது. கதவடியில குந்திக்கிட்டே விடிய பதுளையில இறங்குவார். ஞாயிறு மெச். அன்னைக்குப் பின்னேரமே திரும்பணும், திங்கள் கடை திறக்கும்போது நிக்கணும். வருசம் முழுக்க இப்படித்தான்.

ஒருநாள் இடைவேளையில எல்லாரும் தோடம்பழம் சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. அவர் மண்மேட்டுல சாஞ்சு தூங்கிட்டார். பாதித் தோடை கையிலயே இருக்கு, சாறு மணிக்கட்டு வரைக்கும் வழியுது, வாய் லேசாத் திறந்திருக்கு. அவரை எழுப்புறது என் வேலை. தண்ணி, துவாய் எல்லாம் நான்தான். விசில் அடிச்சாச்சு. எனக்கு எழுப்ப மனசு வரல. இன்னும் ஒரு நிமிசம், இன்னும் ஒரு நிமிசம்னு நின்னேன். பத்துப் பேரோட ஆரம்பிச்சோம், அதுக்குள்ள கோல் வாங்கிட்டோம். கேப்டன் என் கன்னத்துல அறைஞ்சார். அந்த மனுசன் எழுந்து, நடந்ததை விளங்கிக்கிட்டு, என் தலையைத் தடவிட்டு ஓடினார். தோத்துட்டோம். எழுப்பாம விட்டது சரியா பிழையான்னு இன்னும் எனக்குத் தெரியல.

மஸ்கெலியா

பதுளை அண்ணே, ரெபரியைக் குறை சொல்றது லேசு. எங்க பக்கம் வந்த ரெபரிமார் பஸ் காசுக்கும் ஒரு சோத்துப் பார்சலுக்கும்தான் வந்தாங்க. மூட்டம்னு ஆட்டத்தை நிறுத்திட்டு, லொறி பிடிச்சு வந்த ரெண்டு தோட்டத்துக்கும் யாரு பதில் சொல்றது? எங்க மைதானத்துல மூட்டம் பார்த்து நிறுத்தினா வருசத்துல நாலு மெச் கூட முடியாது.

மவுசாகலை நீர்த்தேக்கம் உங்களுக்குத் தெரியும். 1969ல தண்ணி நிரப்பினப்ப பழைய மஸ்கெலியா டவுன் அடியில போச்சு. கடும் வறட்சியில தண்ணி இறங்கினா பழைய கோயில் வெளிய தெரியும். ஒரு வருசம் அப்படி இறங்கினப்ப எங்க கிளப் பக்கத்துத் தோட்டத்தோட அந்தத் தரையிலயே சினேகபூர்வ ஆட்டம் வச்சாங்க. சேறு காஞ்சு வெடிச்சுக் கிடக்கு. கால் வைக்கிற இடமெல்லாம் பழைய ஓட்டுத்துண்டு, போத்தல் துண்டு. யூக்கலிப்டஸ் கம்பு நாலு நட்டு கோல்.

யாரோ தூக்கி அடிச்ச பந்து கோயிலுக்குள்ள போயிருச்சு. கூரை இல்ல, சுவர் மட்டும். எங்க கிளப்புல வயசான ஒருத்தர் இருந்தார், எல்லா மெச்சுக்கும் வருவார். அவர்தான் "நான் எடுக்கிறேன்"னு போனார். வாசல்ல நின்னார். செருப்பைக் கழட்டினார். குனிஞ்சு படியைத் தொட்டுக் கண்ல ஒத்திக்கிட்டு உள்ள போனார். பந்தை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு வெளிய வந்தார். ரெண்டு டீமும் அப்படியே நின்னுச்சு, யாரும் "சீக்கிரம்"னு சொல்லல. "என் கல்யாணம் இங்கதான் நடந்துச்சு"ன்னார். பந்தை உதைக்காம, நடந்து வந்து மைதானத்து நடுவுல வச்சுட்டுப் போனார்.

யாரு ஜெயிச்சாங்கன்னு ஞாபகம் இல்ல.

தலவாக்கலை

எல்லாருடையதும் வாசிச்சேன். எங்க கிளப்போட கடைசி மெச்சுக்கு ஒன்பது பேர்தான் வந்தாங்க. மழைக்கு ஒதுங்கி நின்ன என்னைக் கூப்பிட்டு இறக்கினாங்க. பூட்ஸ் இல்லாம ஆடினேன், கால்ல நகம் போச்சு. என் கதை அவ்வளவுதான். ஆனா இப்ப கிளப் நடத்துற பிள்ளைகள் இதை வாசிப்பீங்க, உங்களுக்குச் சிலது சொல்லணும்.

முதல்ல வலை. மாடு கிழிச்சா அடுத்த வாரம்னு விடாதீங்க. மீன்பிடி வலைக்குக் கட்டுற நைலோன் நூல் ஒரு பந்து வாங்கி, முடிச்சுப் போடத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட குடுங்க. அரை மணித்தியால வேலை. கீழ்ப்பக்கத்தை முளை அடிச்சு இழுத்துக் கட்டுங்க. பொகவந்தலாவை அண்ணனுக்கு நடந்தது இன்னொரு பிள்ளைக்கு நடக்கக்கூடாது.

அடுத்து மைதானம். நம்ம தோட்டத்து மைதானமெல்லாம் மலையை வெட்டி எடுத்தது. மேல்பக்க மண்மேட்டுத் தண்ணி அப்படியே உள்ள இறங்கும். மைதானத்துக்குள்ள எவ்வளவு மண் போட்டாலும் பிரயோசனம் இல்ல. தேயிலைக்கு எப்படித் தண்ணி வடியக் கான் வெட்டுறோமோ அப்படி மேட்டடியில ஒரு கான் வெட்டி, ஒரு ஓரமா இறக்கி விடுங்க. எல்லாரும் சேர்ந்து ரெண்டு நாள் சிரமதானம் செஞ்சா போதும். நாங்க அதைச் செய்யல. மூணு வருசம் பெனால்டி பொக்ஸுக்குள்ள குளம்தான்.

பூட்ஸ். நனைஞ்ச பூட்ஸை அடுப்படியில வைக்காதீங்க, அடி கழண்டுரும். பழைய பேப்பரைக் கசக்கி உள்ள திணிச்சு, கொஞ்ச நேரம் போக மாத்தி மாத்தித் திணிச்சு, காத்துல வையுங்க. ஒரு சோடி பூட்ஸை ரெண்டு பேர் மாத்திப் போடுற கிளப்புக்கு இது பெரிய விசயம்.

கடைசியா, பதிவு. 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம்னு ஒன்னு இருக்கு. பிரதேச செயலகத்துல விளையாட்டு உத்தியோகத்தர் இருப்பார், அவரைப் போய்ப் பாருங்க. யாப்பு, அதாவது கிளப் விதிகள், எழுதி, கூட்ட அறிக்கைக் கொப்பி வச்சு, கிளப்பைப் பதிஞ்சு வையுங்க. கையில பேப்பர் இருந்தாத்தான் மைதானத்துக்கும் பந்துக்கும் கேட்க முடியும். காசை ஒருத்தர் கையில மட்டும் விடாதீங்க, ரெண்டு கையெழுத்து வையுங்க. எங்க கிளப் போனது தோத்ததால இல்ல, இதையெல்லாம் யாரும் எழுதி வைக்காததால.

நாவலப்பிட்டி

மலைநாட்டு கிளப் எல்லாம் போயிருச்சுங்கிற மாதிரியே பேசுறீங்க. 2021ல சுப்பர் லீக் தொடங்கினப்ப பத்து டீம்ல எங்க அப்கன்ட்ரி லயன்ஸும் ஒன்னு. அந்தப் பெயரை போன்ல பார்த்தப்ப எங்க அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவங்களுக்கு ஃபுட்போல் தெரியாது, "நம்ம ஊரா?"ன்னு மட்டும் கேட்டாங்க.

பதுளை

அது மேல் டிவிசன் தம்பி. சந்தோசம்தான், இல்லைன்னு சொல்லல. இங்க பேசுறது லொறி கிளப்புகளை. மஸ்கெலியாத் தம்பி, ரெபரியோட கஷ்டம் எனக்கும் தெரியும், என் மாமா ரெபரி. அதனாலதான் சொல்றேன். அவர் பிள்ளைகிட்ட கேட்டிருக்கக் கூடாது.

கோத்தகிரி, நீலகிரி

நான் நம்ம பக்கத்து ஆள்தான். லிந்துலைக்கு மேல ஒரு தோட்டத்துல பிறந்தேன். 1964 ஒப்பந்தம் உங்க வீடுகள்லயும் பேசியிருப்பாங்க. இந்தியாவும் இலங்கையும் சேர்ந்து, இந்திய வம்சாவளித் தோட்டத்து ஆளுகள்ல 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்குன்னு பிரிச்சாங்க. எங்க டீம்ல ஆறு பேர் இந்தியப் பக்கம். நான் கோல்கீப்பர். எழுபதுகள்ல ஒவ்வொருத்தரா போனாங்க. ஒவ்வொரு மெச்சுக்கும் யாராவது ஒருத்தர் குறைவாங்க, கேட்டா "பாஸ்போர்ட் வந்திருச்சு"ம்பாங்க. என் முறை வந்தது.

இந்தியாவுக்குக் கப்பல் ஏறத் தலைமன்னார் போகணும், தலவாக்கலை ஸ்டேசன்ல கோச்சி ஏறினோம். மேடை முழுக்க அழுகை. எங்க கிளப் செயலாளர், தோட்டத்துல பக்கத்துப் பிரிவுக் கணக்கப்பிள்ளை, கூட்டத்தைத் தள்ளிக்கிட்டு எங்க ஜன்னலுக்கு வந்தார். கக்கத்துல சந்தா எழுதுற சீ.ஆர். கொப்பி. எனக்கு மூணு மாசச் சந்தா பாக்கி. ஒன்றரை ரூபா. கேட்கத்தான் வந்திருக்கார்னு நினைச்சு சட்டைப் பையைத் தடவினேன். அவர் கொப்பியை ஜன்னல் கட்டையில விரிச்சு, என் பெயருக்கு நேரா மூணு கட்டத்துலயும் "செலுத்தியாச்சு"ன்னு எழுதி, கீழ கையெழுத்துப் போட்டு, எனக்குத் தெரியிற மாதிரித் திருப்பிக் காட்டினார். மை காயுறதுக்கு ஊதினார். கோச்சி நகர்ந்துருச்சு.

இங்க மண்டபம் முகாம், அப்புறம் அரசாங்கத் தேயிலைத் தோட்டம் டேன்டீ. நம்ம ஆளுகளுக்குன்னே தொடங்கினது. இங்கயும் கொழுந்துதான். பேரன் இப்ப கோல்ல நிக்கிறான். அந்த ஒன்றரை ரூபாயை நான் குடுக்கவேயில்ல. அந்தக் கொப்பி யார் வீட்டுல இருக்கோ.

பொகவந்தலாவை

எல்லாருக்கும் நன்றி. பதுளை அண்ணே, நீங்க ஆறுதலுக்குச் சொல்றீங்க. சட்டத்துல இல்லைங்கிறது சரி. ஆனா என்கிட்ட கேட்டாங்க, நான் பார்த்திருந்தேன்.

தலவாக்கலை அண்ணே, நீங்க சொன்ன வலை விசயத்தை எங்க பிள்ளைகளுக்கு அனுப்பியிருக்கேன். எங்க கிளப் ரெண்டாம் டிவிசன்ல ஒரு வருசம்தான் நின்னுச்சு, மறுபடி இறங்கி அப்படியே ஓய்ஞ்சு போச்சு. போன தீபாவளிக்கு ஊருக்குப் போனப்ப மைதானத்துக்குப் போனேன். கம்பம் ரெண்டும் இருக்கு, குறுக்குக் கம்பத்தைக் காணோம். நான் நின்ன இடத்துல நின்னு பார்த்தேன். கம்பத்துக்கு வெளியில ஒரு சாண்னுதான் இத்தனை நாளா நினைச்சிருந்தேன். அங்க நின்னு கையை வச்சுப் பார்த்தா ஒரு முழமே இருக்கும்.

டிக்கோயா பக்கம் யாராவது இருந்தா கேட்டுச் சொல்லுங்க. 1996ல அந்த மெச்சுல கோல்ல நின்னவர். உயரம் குறைவு, இடது கைப்பழக்கம். முழங்கால்ல கறுப்புத் துணி கட்டியிருந்தார். இருக்கார்னா எந்தத் தோட்டம், எந்த லயம்னு மட்டும் எழுதுங்க. நான் போய்ப் பார்க்கிறேன்.