ஆர்க்ரைட்டின் நூற்பாலை ஏன் குக்கிராமத்தில்?

நிலா: நீரால் ஓடும் நூற்பு இயந்திரத்தைக் கொண்டுவந்த ரிச்சர்ட் ஆர்க்ரைட் 1771-இல் தன் பருத்தி நூற்பாலையை இங்கிலாந்தின் குரோம்ஃபோர்டு என்ற சின்ன கிராமத்தில் தொடங்கினார். வேலைக்கு ஆளே இல்லாத இடம் அது. ஏன் அங்கே போனார்?

பழைய ஸ்பின்னிங் மாஸ்டர்: தண்ணீருக்காகத்தான்மா. நாட்டிங்காம் நகரில் முதலில் குதிரை கட்டி ஆலையை ஓட்டினார், கட்டுப்படியாகவில்லை. குரோம்ஃபோர்டில் ஓடையோடு ஈயச் சுரங்கத்திலிருந்து வடியும் நீரும் கிடைத்தது. பூமிக்கடியிலிருந்து வருவதால் அது வெதுவெதுப்பாக இருக்கும், குளிர்காலத்திலும் உறையாது. அதனால் ஆலையை ஓட்டும் தண்ணீர்ச் சக்கரம் நிற்காது. இதன் அருமை எனக்குத் தெரியும். முப்பது வருஷம் ரிங் ஃப்ரேம் என்ற நூற்பு இயந்திரத்தின் பக்கத்தில் நின்றவன் நான். கரண்ட் போய் வந்தால் அறுந்த இழைகளைப் பிணைத்து முடிப்பதற்குள் உயிர் போய்விடும். ஆள் இல்லாத குறைக்கு அவர் வீடுகளே கட்டினார். 1776-இல் எழுந்த அந்த வரிசை வீடுகளின் மேல்மாடியில் தறி போட இடம் விட்டிருந்தார். ஆண்கள் அங்கே நெய்ய, பெண்களும் பிள்ளைகளும் ஆலைக்குப் போனார்கள். சின்னஞ்சிறு பிள்ளைகள்! அதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

கரிசல்காரன்: அப்புறம் நூற்பாலைத் தொழில் மான்செஸ்டருக்கு எப்படி மாறியது, ஐயா?

பழைய ஸ்பின்னிங் மாஸ்டர்: நீராவி வந்ததால், தம்பி. 1785-இல் இங்கிலாந்தின் பாப்பிள்விக் என்ற ஊரின் ஆலையில் ஜேம்ஸ் வாட்டின் நீராவி இன்ஜின் சக்கரம் சுற்றியது. அதன்பின் ஆற்றைத் தேடி ஓட வேண்டியதில்லை, நிலக்கரி கிடைத்தால் போதும். 1761-இல் திறந்த பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் வழியாக மான்செஸ்டருக்கு வோர்ஸ்லி சுரங்கத்து நிலக்கரி படகில் வந்துகொண்டிருந்தது. ஆளும் சந்தையும் ஏற்கெனவே அங்கே இருந்தன.

நிலா: நம்ம கோயம்புத்தூருக்கு?

பழைய ஸ்பின்னிங் மாஸ்டர்: பைக்காரா மின்சாரம், 1932. அதற்கு முன்பும் சில ஆலைகள் இருந்தன. கம்பி வந்தபிறகுதான் மளமளவென்று பெருகின.