அஞ்சாம் தலைமுறை வந்தும் ஆபரேஷன் தியேட்டரில் ஏன் செஃபசோலின்?

நர்சிங்_செகண்ட்_இயர்:
செஃபலோஸ்போரின்ங்கிற ஆன்டிபயாடிக் குடும்பத்தோட அஞ்சு தலைமுறையும் மனப்பாடம் பண்ணிட்டேன், ஒன்னும் ஒட்டல. தியேட்டர் போஸ்டிங்ல மெஷ் (வலை) வைக்கிற ஹெர்னியா கேஸுக்கு செஃபசோலின் போட்டாங்க. அது முதல் தலைமுறை. வார்டுல யாரைப் பார்த்தாலும் செஃப்ட்ரியாக்சோன், அது மூணாவது. புது போன் வந்தா பழசைத் தூக்கிப் போடுற மாதிரி இங்க ஏன் இல்ல?

வார்டு_ஃபார்மசிஸ்ட்:
நம்பர் ஏற ஏற பவர் ஏறும்னு நினைக்காதம்மா. எந்தக் கிருமியைப் பிடிக்கும்ங்கிறதுதான் மாறுது. கத்தி படுறது தோல்ல. அங்க குடியிருக்கிறது ஸ்டஃபைலோகாக்கஸ். எம்ஆர்எஸ்ஏ (சாதாரண மருந்துக்கு அடங்காத ஸ்டஃப்) இல்லாத ஸ்டஃபுக்கு செஃபசோலின், செஃப்ட்ரியாக்சோனை விடவே கெட்டி. தோலைக் கீறுறதுக்கு முந்தின ஒரு மணி நேரத்துக்குள்ள 2 கிராம், 120 கிலோவுக்கு மேல 3. கேஸ் இழுத்து நாலு மணி நேரம் ஆச்சுன்னா இன்னொரு டோஸ். இதைத்தான் எல்லாரும் மறப்பாங்க, நீ சர்ஜனுக்கு ஞாபகப்படுத்து.

செஃப்ட்ரியாக்சோன் டைஃபாய்டு, மூளைக்காய்ச்சலுக்கெல்லாம் அருமையான மருந்து. ஒரு நாளைக்கு ஒரு ஊசியில முடியுற வேலைகள் நிறைய. அந்தச் சௌகரியத்துக்காகவே தேவையில்லாத இடத்திலும் ஏத்துறாங்க, அதுல எனக்கு வருத்தம் உண்டு. ஆனா சூடோமோனாஸ்ங்கிற கிருமிகிட்ட அது பலிக்காது. அதே மூணாம் தலைமுறை செஃப்டாசிடிம் சூடோமோனாஸை அடிக்கும், ஸ்டஃப்ல சுமார். நாலாவது செஃபிபிம் ரெண்டையும் பார்த்துக்கும்; கிட்னி சரியில்லாதவருக்கு டோஸ் குறைக்காம விட்டா ஆள் குழம்புவார், வலிப்பு கூட வரும். அஞ்சாவது செஃப்டாரோலின் எம்ஆர்எஸ்ஏவையே பிடிக்கும், சூடோமோனாஸ்னா கைவிரிச்சிடும். மூணாவது செய்யிறதை அஞ்சாவது செய்யாது, பாத்தியா?

என்ஐசியு_அக்கா:
ஒன்னு சேர்த்துக்கோ. பச்சைக் குழந்தைக்கு செஃப்ட்ரியாக்சோன்னா நாங்க ரெண்டு தடவை யோசிப்போம். ரத்தத்துல ஆல்புமின்ங்கிற புரதத்துல ஒட்டியிருக்கிற பிலிருபினை (காமாலையோட மஞ்சள் நிறமி) அது தள்ளிவிடும், மஞ்சள் காமாலைக் குழந்தைக்கு ஆபத்து. 28 நாளுக்குள்ள இருக்கிற குழந்தைக்கு கால்சியம் ட்ரிப் ஓடுதுன்னா கூடவே கூடாது. மருந்தும் கால்சியமும் சேர்ந்து நுரையீரல்லயும் கிட்னியிலயும் படிஞ்சு உயிரே போயிருக்கு. அதுக்குப் பதிலா செஃபோடாக்சிம் போடுவோம். ரிங்கர் லாக்டேட் ட்ரிப்லயும் கால்சியம் இருக்கு, பெரியவங்களுக்கும் அது ஓடுற லைன்லயே செஃப்ட்ரியாக்சோனைச் சேர்த்து விடாத.

நர்சிங்_செகண்ட்_இயர்:
நன்றிக்கா. அண்ணா, பென்சிலின் அலர்ஜி இருந்தா இதுல எதுவுமே கூடாதா? மேம் அப்படித்தான் சொன்னாங்க.

வார்டு_ஃபார்மசிஸ்ட்:
அது பழைய கணக்கு. பக்கச் சங்கிலி, அதாவது மருந்து மூலக்கூறுல ஓரமா ஒட்டியிருக்கிற பகுதி, ஒரே மாதிரி இருந்தாத்தான் பெரும்பாலும் சிக்கல். செஃபலெக்சினுக்கும், பென்சிலின் வகையான ஆம்பிசிலினுக்கும் அந்த ஒற்றுமை உண்டு. செஃபசோலினோட சங்கிலி தனி ரகம், அதனால பல இடத்துல தைரியமா போடுறாங்க. எதுக்கும் பேஷன்ட்கிட்ட 'அலர்ஜியா?'ன்னு மட்டும் கேட்காம, என்ன ஆச்சு, மூச்சு திணறிச்சா, வெறும் வயித்துப்போக்கான்னு கேட்டு கேஸ் ஷீட்ல எழுது. போடலாமா வேண்டாமான்னு டாக்டர் அதைப் பார்த்துத்தான் சொல்வார்.