ஸ்டீபன் டொனால்ட்: அந்த ஒரு உதையைத் தவிர வேறென்ன?

ரக்பிக்குப் புதுசு:
வணக்கம். 2011 ரக்பி உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை இப்போதுதான் முழுசாகப் பார்த்தேன். நியூசிலாந்து 8, பிரான்ஸ் 7. ஜெயிக்க வைத்த பெனால்டியை அடித்தவர் ஸ்டீபன் டொனால்ட். யார் இவர் என்று தேடினால் வைக்காட்டோ, சீஃப்ஸ், இங்கிலாந்தில் பாத், ஜப்பான், கவுன்டீஸ் மனுகாவ், மறுபடியும் சீஃப்ஸ் என்று ஊர் ஊராகப் போகிறது. ஒரு ஆள் ஏன் இத்தனை சட்டை மாற்ற வேண்டும்? எங்கேயும் நிலைக்க முடியாதவரா?

மைதான ஓரம்:
நிலைக்காதவர் இல்லை. நியூசிலாந்தில் அமைப்பே அப்படி. அடியில் வைக்காட்டோ, கவுன்டீஸ் மனுகாவ் மாதிரி மாகாண அணிகள், அதற்கு மேலே சூப்பர் ரக்பி என்கிற தொடரில் ஆடும் சீஃப்ஸ் மாதிரி ஐந்து அணிகள், உச்சியில் ஆல் பிளாக்ஸ், அதாவது தேசிய அணி. ஒரே ஆள் ஒரே வருடத்தில் மூன்று சட்டையும் போடலாம். 2006-இல் வைக்காட்டோ மாகாணக் கோப்பையை எடுத்தபோது அந்த அணியில் இவர் இருந்தார். ஆனால் இவருடைய இடமான பத்தாம் எண்ணில், அதாவது ஆட்டத்தை நடத்தி உதைகளையும் அடிக்கிறவர் இடத்தில், டேன் கார்ட்டர் என்று ஒருவர் இருக்கும் காலத்தில் பிறந்துவிட்டால் என்ன செய்வது? அப்புறம் இன்னொன்று, வெளிநாட்டுக் கிளப்புக்குப் போனால் ஆல் பிளாக்ஸ் கதவு மூடிவிடும். பாத் ஒப்பந்தம் போடும்போது இவருக்கு அது தெரியும்.

பழைய ரசிகன்:
அந்த உதையின் அருமை தெரிய வேண்டுமானால் 2010 ஹாங்காங் ஆட்டத்தைப் பாருங்கள். கார்ட்டருக்குப் பதிலாக இறங்கி, ஒரு பெனால்டியைத் தவறவிட்டு, கடைசியில் பந்தை வெளியே அனுப்பி ஆட்டத்தை முடிக்க வேண்டிய இடத்தில் அதுவும் தப்பி, ஆஸ்திரேலியா நேரம் முடிந்தபின் டிரை (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பது) போட்டு 26-24 என்று வென்றது. பழி முழுக்க இவர் தலையில்தான் விழுந்தது, ஊரே திட்டியது. அது எனக்கு இன்றும் வலிக்கிறது.

மறு வருடம் கார்ட்டருக்குக் காயம், அடுத்து அவருக்கு மாற்றான காலின் ஸ்லேடுக்குக் காயம். இவர் வைக்காட்டோ ஆற்றில் வலையோடு நின்று ஒயிட்பெய்ட் என்கிற பொடிமீன் பிடித்துக்கொண்டிருக்கிறார், அணியிலிருந்து அழைப்பு வருகிறது. இறுதி ஆட்டத்தில் பத்தாம் எண்ணில் இறங்கிய ஆரன் க்ரூடனும் முதல் பாதியிலேயே முழங்கால் அடிபட்டு வெளியேற, வயிற்றுக்கு மேலே ஏறிக்கொள்ளும் இறுக்கமான சட்டையோடு இவர் ஓடி வந்தார். நியூசிலாந்துக்காக உதைத்துக்கொண்டிருந்த பீரி வீப்பு அன்றைக்கு மூன்று உதைகளைத் தவறவிட்டிருந்தார். 46-ஆம் நிமிடம், இவர் உதைத்த பந்து வலது கம்பத்தை ஒட்டி உள்ளே போனது. அடுத்த நிமிடமே பிரான்ஸ் டிரை போட்டுவிட்டது, அதனால் அந்த மூன்று புள்ளி இல்லையென்றால் கோப்பையே இல்லை.

ரக்பிக்குப் புதுசு:
ஹாங்காங் கதை தெரியாது. தெரிந்து பார்த்திருந்தால் அந்த உதைக்கு மூச்சே நின்றிருக்கும். அதற்குப் பிறகு?

மைதான ஓரம்:
அதுவே அவருடைய கடைசி டெஸ்ட், அதாவது தேசிய அணிக்காக ஆடிய கடைசி ஆட்டம். சொன்னபடி பாத் போனார், பிறகு ஜப்பான். எல்லோரும் முடிந்தது என்று நினைத்தபோது 2016-இல், 32 வயதில், சீஃப்ஸின் ஊரான ஹாமில்டனுக்கே திரும்பினார். அணியில் பாதிப் பேர் அவரை டிவியில் பார்த்து வளர்ந்த பையன்களாக இருந்திருப்பார்கள். 2017 ஜூனில் பிரிட்டிஷ் அண்டு ஐரிஷ் லயன்ஸ் (இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து சேர்ந்த கூட்டணி அணி) வந்தபோது சீஃப்ஸ் கேப்டன் இவர்தான். 34-6 என்று தோற்றார்கள், சரி. ஆனால் மாகாண ஆட்டக்காரர் ஒருவர் தன் ஊர் மைதானத்தில் லயன்ஸுக்கு எதிராக அணியை முன்னால் நடத்தி வந்தாரே, எனக்கு அந்த உதைக்குச் சமமாக நிற்பது அந்தக் காட்சிதான்.