ஒரே உடம்பு, மூன்று கணக்கு: எதை நம்புவது?

மாலைநடை
வயது 44, உயரம் 170 செ.மீ., எடை 71 கிலோ. வீட்டு வெயிட் மெஷின் உடல் கொழுப்பு 23 சதவீதம் என்கிறது. ஜிம் மாஸ்டர் காலிப்பர் என்ற இடுக்கிக் கருவியால் தோலைக் கிள்ளிப் பிடித்து அளந்துவிட்டு 19 என்றார். போன வாரம் டெக்ஸா என்கிற எக்ஸ்ரே ஸ்கேன் எடுத்தேன், 28. எல்லாம் ஒரே மாதத்தில். எதைத்தான் நம்புவது?

இரும்புக்கை
முதலில் அந்த மெஷினைப் பரணில் போடுங்கள். அது கொழுப்பை அளப்பதே இல்லை. பாதம் வழியாக மெல்லிய மின்சாரம் விட்டு எவ்வளவு தடை என்று பார்க்கிறது. தசையில் தண்ணீர் அதிகம், மின்சாரம் சுலபமாகப் போகும், கொழுப்பில் குறைவு. மீதியெல்லாம் நீங்கள் பதிந்த வயது, உயரத்தை வைத்துப் போடும் கணக்குதான். அதுவும் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கிவிடும் மின்சாரம், தொப்பைப் பக்கம் பெரிதாக எட்டிப் பார்க்காது. வயதை 25 என்று மாற்றிவிட்டு ஏறிப் பாருங்கள். பல மெஷின்களில் அந்த நிமிடமே இளைத்துவிடலாம்!

ஓட்டக்காரி
பரணில் எல்லாம் போட வேண்டாம். நான் இரண்டு வருடமாக அதில்தான் பார்க்கிறேன். காலையில் எழுந்ததும், தண்ணீர் குடிக்கும் முன், வாரம் ஒருமுறை. 34 இப்போது 30 ஆகியிருக்கிறது. 34 என்பது தப்பாக இருக்கலாம், ஆனால் இறங்கியது உண்மை. இடுப்புச் சுற்றளவும் 6 செ.மீ. குறைந்திருக்கிறது.

இரும்புக்கை
அதைத்தான் இஞ்ச் டேப்பே சொல்லிவிட்டதே மேடம், அப்புறம் மெஷின் எதற்கு? பழகிய கை பிடித்தால் காலிப்பர்தான் சரி.

எக்ஸ்ரே அறை
ஸ்கேன் எடுப்பதுதான் என் வேலை, அதனால் சொல்கிறேன். காலிப்பர் தோலுக்கு அடியில் இருப்பதை மட்டுமே பிடிக்கும். குடலைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் கொழுப்பை எந்த மாஸ்டராலும் கிள்ள முடியாது. இன்னொன்று, கிள்ளி அளந்த மில்லிமீட்டரைக் கொழுப்புச் சதவீதமாக மாற்றப் பரவலாகப் புழங்கும் டர்னின்-வாமர்ஸ்லி சூத்திரம் 1974-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 481 பேரை அளந்து உருவாக்கியது. அது நம் உடல்வாகுக்கு அப்படியே பொருந்தும் என்று எப்படிச் சொல்வது?

புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யூட்கினும் 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் உடம்பையே உதாரணமாகக் காட்டினார்கள். இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண், 22.3. டெக்ஸாவில் யூட்கினுக்குக் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2! பார்வைக்கு இருவரும் ஒல்லிதான். நம்மூரில் பிஎம்ஐ 23 தாண்டினாலே அதிக எடை என்று வைத்திருப்பது சும்மா இல்லை. மாலைநடை சாருக்கு 24.6 வருகிறது.

இரும்புக்கை
சரி, வயிற்றுக்குள் இருப்பது காலிப்பருக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சதவீதமாக மாற்றாமல் மில்லிமீட்டரை மட்டும் கூட்டி எழுதி வைத்தால் கிளாஸ்கோ பிரச்சினையே வராது. உங்கள் டெக்ஸா மட்டும் வேதவாக்கா?

எக்ஸ்ரே அறை
இல்லை. இரண்டு விதச் சக்தி கொண்ட எக்ஸ் கதிரை அனுப்பி எலும்பு, கொழுப்பு, மற்ற திசு என்று பிரித்துக் கணக்கிடுகிறோம். வேறு கம்பெனி மெஷினில் எடுத்தால் எண் கொஞ்சம் நகரும். கொழுப்பை நேரடியாக எடை போட வேண்டுமென்றால் பிரேதத்தை அறுத்துத்தான் பார்க்க வேண்டும், அதற்கு யாருக்கும் அவசரமில்லை. ஆனாலும் இந்த மூன்றில் 28-ஐத்தான் நான் எடுத்துக்கொள்வேன்.

பழைய டேப்
இத்தனை பேர் பேசினீர்கள், அவர் இடுப்புச் சுற்றளவை யாருமே கேட்கவில்லையே! மாலைநடை தம்பி, பேன்ட் சைஸைச் சொல்லாதீர்கள், அது தொப்பைக்குக் கீழே நிற்பது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின் அளக்க வேண்டும். நம்மவர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 எல்லை. உயரத்தில் பாதி என்று பார்த்தால் உங்களுக்கு 85.

ஓட்டக்காரி
டேப் சரிதான் ஐயா. ஆனால் தசை கரைகிறதா கொழுப்பு கரைகிறதா என்று அது சொல்லாது.

இரும்புக்கை
உங்கள் மெஷின் மட்டும் சொல்லிவிடுமாக்கும்!

மாலைநடை
அளந்துவிட்டேன். பேன்ட் 34 இஞ்ச், அதாவது 86 செ.மீ. பழைய டேப் ஐயா சொன்ன இடத்தில் 93. மூச்சை இழுத்துப் பிடித்து 88 வரை கொண்டுவந்தேன், டேப்பைப் பிடித்திருந்த மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்கப் போகிறேன்.