மறு: புரூடினெஸ் – ‘அடைகாத்தல்’ போதுமா?

வணக்கம். பறவை முட்டையிட்ட கூட்டில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுக்கும் நிலையை ஆங்கிலத்தில் புரூடினெஸ் (broodiness) என்கிறார்கள். அதற்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் இந்த இழையில் ஒருவர் கேட்டது:

> ‘அடைவேட்கை’ என்று வைத்தால் என்ன?

வேட்கை எனக்கு ஒட்டவில்லை. வேட்கை தீரக்கூடியது. இதுவோ முட்டையை எடுத்துவிட்டாலும் வெறுங்கூட்டில் உட்கார வைக்கிற பிடிவாதம்.

எங்கள் வீட்டு மணிலா வாத்து விறகடுக்குக்குப் பின்னால் முட்டையிட்டு வந்தது. முதலில் முட்டைகள் பாட்டுக்குக் குளிர்ந்து கிடந்தன, அது கண்டுகொள்ளவில்லை. பன்னிரண்டு சேர்ந்ததும் ஒரு நாள் எழுந்திருக்கவே இல்லை. நெஞ்சுத் தூவியைப் பிடுங்கி மெத்தை போட்டிருந்தது. கையை நீட்டினால் உடம்பைத் தட்டையாக்கிக்கொண்டு பாம்பு மாதிரி சீறல். நாளுக்கு ஒரு தடவை முட்டைகளைத் தூவியால் மூடிவிட்டு இறங்கும், சேர்த்து வைத்ததை எல்லாம் ஒரே குவியலாகக் கழிக்கும் (அந்த நாற்றத்துக்கும் ஒரு கலைச்சொல் தேவை), தொட்டியில் முங்கி ஈர இறகோடு திரும்பும். அந்த ஈரம் முட்டைக்கு நல்லது.

இதை ஊரில் ‘அடைக்கு வந்துடுச்சு’ என்பார்கள். பசு ‘பருவத்துக்கு வந்துடுச்சு’ என்பதைப் போலவேதான். கால்நடை மருத்துவத்தில் ‘சினைப்பருவம்’ ஏற்கெனவே நிலைத்துவிட்டது. ஆகவே இந்த நிலைக்கு ‘அடைப்பருவம்’ என்பது என் பரிந்துரை. ‘அடைப்பு’ என்று படித்துக் கண் தடுக்கும் என்பீர்கள், ‘அடைக்கோழி’ என்பதில் தடுக்கவில்லையே.

ஆனால் இனத்தின் இயல்பைச் சொல்ல இது போதாது. காக்கி கேம்பல் என்ற வாத்தினம் வருடத்துக்கு 300 முட்டை வரை இடும், உட்காருவது அபூர்வம். அதை ‘அடைக்குணம் குறைந்த இனம்’ எனலாம். நம் பக்கம் வாத்து முட்டையை அடைக்கோழிக்கு அடியில் வைத்து, அவ்வப்போது தண்ணீர் தெளித்துப் பொரிக்க வைக்கும் வழக்கமும் இதனால்தான். ‘அடைக்கோழி’ எல்லார் வாயிலும் இருக்க, ‘அடைவாத்து’ என்று நான் யார் சொல்லியும் கேட்டதில்லை.

அடுத்து, இன்குபேஷனையும் (முட்டையைச் சூட்டில் வைத்துப் பொரிக்க வைப்பது) புரூடிங்கையும் (பொரித்த குஞ்சுக்குச் சூடு கொடுப்பது) ஒன்றாகப் போட்டு உழப்புவதை நிறுத்த வேண்டும். என்னிடம் உள்ள ஒரு கையேட்டில் ‘அடைகாக்கும் முதல் வாரம் 32 டிகிரி’ என்று இருக்கிறது. அது பொரித்த குஞ்சுக்கு வேண்டிய சூடு. இன்குபேட்டரில் முட்டைக்கு வேண்டியது 37.5. கையேட்டை நம்பி வைத்தவருக்கு மிஞ்சுவது கூழ்முட்டை. முட்டைக்கு அடைகாத்தல், குஞ்சுக்கு ‘குஞ்சணைப்பு’ என்று பிரித்துவிட்டால் இந்தக் குழப்பமே வராது.

அதே கையேடு வாத்து முட்டை பொரிக்க 28 நாள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டது. 30ஆம் நாள் பொறுமை போய் ஒரு முட்டையை உடைத்தேன். உள்ளே குஞ்சு காலை உதைத்தது. மணிலா வாத்துக்கு 35 நாள் என்று அப்புறம்தான் தெரிந்தது. மற்ற பதினொன்றைத் தொடவில்லை, ஒன்பது பொரித்தன. ஆகவே ‘அடைக்காலம்’ என்ற பதிவில் இனத்தின் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.

குமரி, யாழ்ப்பாணம் பக்கத்து நண்பர்கள் இருக்கிறீர்களா? வாத்து உட்கார்ந்துவிட்டால் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்வார்கள்? கோழிக்குச் சொல்வதையேவா, வேறு சொல் உண்டா?