மறு: "மேஜர் லீக் ரெடி" என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

கீழ்மட்ட மைனர் லீகில் பழகும் இளம் பேஸ்பால் வீரர், அமெரிக்காவின் உயர்மட்டமான மேஜர் லீகில் ஆடும் நிலைக்கு வந்துவிட்டார் என்பதை ஆங்கிலத்தில் "மேஜர் லீக் ரெடி" என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் கேட்டுப் போன வாரம் எழுதியதற்கு நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: தயார்நிலை, தகுதி, முதிர்ச்சி, பக்குவம். எல்லோருக்கும் நன்றி. ஈரோட்டு ஐயா கேட்டதிலிருந்து தொடங்குகிறேன்.

> "ரெடி"க்குத் "தயார்" இருக்கிறது. "தயார்நிலை" என்று வைத்துக்கொண்டால் வேலை முடிந்தது. இதற்கு ஏன் இவ்வளவு யோசனை?

ஐயா, என்னை யோசிக்க வைத்தது நான் எழுதிய ஒரு வரிதான். பேஸ்பால் கட்டுரைத் தொடருக்காக டேவிட் கிளைடைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். 1973 ஜூனில் நடந்த இளம் வீரர் தேர்வில் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணி அவரை நாட்டிலேயே முதல் ஆளாக எடுத்தது. ஹூஸ்டனில் பள்ளி முடித்த கையோடு, மைனர் லீகில் ஒரு நாள்கூட ஆடாமல், ஜூன் 27 அன்று நேரே மேஜர் லீக் மைதானத்தில் பந்து வீசினார். வயது 18. அணி தோற்றுக்கொண்டே இருந்த காலம். இருக்கைகள் காலியாகக் கிடந்தன. உரிமையாளர் பாப் ஷார்ட்டுக்குக் கூட்டம் வேண்டியிருந்தது. கூட்டம் வந்தது. அன்றைக்கு ஆர்லிங்டன் ஸ்டேடியம் நிரம்பிவிட்டது. ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தில் கிளைட் 5 இன்னிங்ஸ் வீசினார். ஒரே ஒரு ஹிட்தான் (மட்டையாளர் பந்தை அடித்துத் தளம் சேர்வது) கொடுத்தார், 8 பேரை ஸ்ட்ரைக்-அவுட் செய்தார், அணியும் ஜெயித்தது. ஆனால் 7 பேருக்கு வாக் கொடுத்தார், அதாவது எல்லைக்கு வெளியே நான்கு பந்து போட்டு அவர்களைச் சும்மா முதல் தளத்துக்கு அனுப்பினார். அந்த எண்ணைத்தான் கவனிக்க வேண்டும். வேகம் இருந்தது, பந்தை நினைத்த இடத்தில் போடும் கை இன்னும் வரவில்லை. அதைச் சின்ன ஊர் மைதானங்களில், அதிகம் பேர் பார்க்காத இடத்தில், தோற்றுத் தோற்றுத்தான் கற்க முடியும்.

இரண்டு ஆட்டம் வீசட்டும், அப்புறம் மைனர் லீகுக்கு அனுப்பிப் பழக்கலாம் என்பதுதான் முதலில் இருந்த பேச்சு. டிக்கெட் விற்பனையைப் பார்த்தபின் அந்தப் பேச்சு போய்விட்டது. பிறகு தோள் வலி, தோல்விகள். 1979இல் கடைசி மேஜர் லீக் ஆட்டம் ஆடியபோது அவருக்கு வயது 24. கணக்கு: 18 வெற்றி, 33 தோல்வி. ஓய்வூதியம் கிடைக்கத் தேவையான பணிநாள்களுக்குச் சில வாரங்கள் குறைந்துபோயின.

ஆங்கிலத்தில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் "அவர் ரெடியாக இல்லை" என்று முடிப்பார்கள். நானும் "கிளைட் தயாராக இல்லை" என்று எழுதினேன். எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தபோது மனது ஒப்பவில்லை. அந்த வரியில் குறை யார்மேல் விழுகிறது? பையன்மேல். அழைத்தவர்கள் அந்த வாக்கியத்திலேயே இல்லை. தமிழில் புதிதாக ஒரு சொல் ஆக்கும்போது அந்தப் பிழையையும் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டுமா என்பதுதான் என் கவலை.

"தகுதி" இதற்கு ஆகாது. அது விதி சார்ந்த சொல். 1944இல் சின்சினாட்டி ரெட்ஸ் அணிக்காக ஜோ நக்ஸ்ஹால் களமிறங்கியபோது அவருக்கு வயது 15. போர்க்காலம், ஆள் பற்றாக்குறை. விதிப்படி எல்லாத் தகுதியும் இருந்தது. இரண்டு பேரை அவுட்டாக்குவதற்குள் 5 ரன் கொடுத்துவிட்டார். மறுபடி மேஜர் லீகுக்கு வர அவருக்கு 1952 வரை ஆயிற்று. "முதிர்ச்சி" என்றால் வயதும் நிதானமும்தான் நினைவுக்கு வருகின்றன. மைக் ட்ரவுட் 2012இல் ஏப்ரல் கடைசியில் 20 வயதில் அழைக்கப்பட்டு, அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் விருதை ஒருமனதாக வாங்கினார். அவரைவிட ஐந்தாறு வயது மூத்தவர்கள் மைனர் லீகின் மேல்படியான டிரிபிள்-ஏ மட்டத்திலேயே நின்றிருக்கிறார்கள்.

"பக்குவம்" நெருங்கி வருகிறது. கோவை நண்பர் அதற்காக எழுதிய நீண்ட மடலை இரண்டு தடவை படித்தேன். ஆனாலும் பக்குவம் என்பது காயில் இருப்பது, மனிதரில் இருப்பது. அவருக்குப் பக்குவம் இல்லை என்று சொன்னால் மறுபடி அவர்மேல்தான் குறை.

நான் முன்வைப்பது "பதம்". பதம் என்று சொன்னதுமே அதைப் பார்க்கிற ஒருவர் கூடவே வந்துவிடுகிறார். பதம் பார்த்து எடுத்தார்கள், பதம் வருமுன் இறக்கிவிட்டார்கள், பதம் தவறிவிட்டது என்றெல்லாம் சொல்லும்போது அரிசியையோ வெல்லத்தையோ யாரும் திட்டுவதில்லை. அடுப்படியில் நின்றவர்தான் பதில் சொல்ல வேண்டும். பதம் என்றால் "சொல்" என்றும் பொருள் உண்டே என்று ஐயா கேட்பார் என்று தெரியும். தனியாக நின்றால் குழப்பம் வரலாம். கூட்டுச்சொல்லாக வந்தால் வராது.

கூட்டுச்சொல்லுக்கு என் பரிந்துரை "நடவுப் பதம்". மேஜர் லீக் அணி ஒவ்வொன்றும் தனக்குக் கீழே பல மட்டங்களில் அணிகளை வைத்து ஆட்களை வளர்க்கிறது. சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்று ஏணிப்படி மாதிரி. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் பிராஞ்ச் ரிக்கி 1920களில் கட்டிய அந்த அமைப்பை அமெரிக்கர்கள் பண்ணை என்கிறார்கள். நமக்கு அதைவிடப் பொருத்தமாக "நாற்றங்கால்" இருக்கிறது. நாற்றைச் சீக்கிரம் பிடுங்கினாலும் கெடுதல், முற்றவிட்டாலும் தூர் கட்டாது. எத்தனை நாள் என்பதும் ரகத்தைப் பொறுத்தது: குறுகிய கால நெல்லுக்கு ஏறக்குறைய மூன்று வாரம், திருந்திய நெல் சாகுபடியில் 14 நாள். எல்லாருக்கும் ஒரே வயது என்று பேஸ்பாலிலும் கிடையாது.

இன்னொரு காரணமும் உண்டு. நாற்று சரியாக இருந்தும் தண்ணீர் வராமல் நடவு தள்ளிப்போவதைக் காவிரிப் படுகைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மேஜர் லீகில் இது திட்டமிட்டே நடந்திருக்கிறது. அங்கே 172 நாள் பணியில் இருந்தால் ஓர் ஆண்டு. அப்படி 6 ஆண்டு சேர்ந்தால்தான் வீரர் விரும்பிய அணிக்குப் போகலாம். 2015 வசந்தகாலப் பயிற்சி ஆட்டங்களில் கிரிஸ் பிரையன்ட் 9 ஹோம் ரன் அடித்தார். சிகாகோ கப்ஸ் அணி, தற்காப்பில் இன்னும் தேற வேண்டும் என்று சொல்லி அவரை அயோவாவில் இருக்கும் தன் டிரிபிள்-ஏ அணிக்கு அனுப்பியது. ஏப்ரல் 17 அன்று அழைத்தது. ஆண்டு முடிவில் அவர் கணக்கில் 171 நாள். ஒரே ஒரு நாள் குறைவு, அதனால் ஓர் ஆண்டு கூடுதலாகக் கப்ஸ் கட்டுப்பாட்டில். அவர் அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் ஆனார், மறு ஆண்டு மிகச் சிறந்த வீரர் விருதும் வாங்கினார். தொடுத்த முறையீடு மட்டும் 2020இல் தோற்றது. இதைத் "தயார்நிலை" என்ற சொல்லை வைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள். அணி சொன்ன காரணத்தை நாமே வழிமொழிந்த மாதிரி ஆகிவிடும். "பதம் வந்தது, மடை திறக்கவில்லை" என்றால் உள்ளது உள்ளபடி நிற்கிறது. இந்த வழக்கத்துக்கு "மடையடைப்பு" என்றே பெயர் வைக்கலாம் என்று தோன்றுகிறது.

பதம் எளிதில் புரிபடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். திறன் தேடுநர்கள் அடி, பலம், ஓட்டம், எறிதல், தடுப்பு என்று ஐந்து திறன்களுக்கு 20 முதல் 80 வரை மதிப்பெண் போடுகிறார்கள். மேஜர் லீக் சராசரி 50. இவ்வளவு பார்த்தும் தவறுகிறது. 2022இல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஜாக்சன் ஹாலிடேயை பால்டிமோர் அணி 2024 ஏப்ரலில் அழைத்தது. 34 முறை மட்டையைப் பிடித்து இரண்டே ஹிட். பத்தே ஆட்டத்தில் நார்ஃபோக்கில் இருக்கும் டிரிபிள்-ஏ அணிக்குத் திரும்பினார். ஜூலை கடைசியில் மறுபடி வந்து, ஒரே அடியில் நான்கு ரன் தரும் கிராண்ட் ஸ்லாம் அடித்தார்.

கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
சிகாகோவிலிருந்து

---

தம்பிக்கு,

பேஸ்பால் எனக்குத் தெரியாது. நடவு தெரியும். திருச்சிக்குப் பக்கத்தில் நாற்று முடிச்சு சுமந்த குடும்பம் எங்களுடையது.

"பதம்" எனக்கு முழுச் சம்மதம். "நடவுப் பதம்" வேண்டாம். காரணம் உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியிலேயே இருக்கிறது. அந்தப் பிள்ளை திரும்பிப் போய்விட்டு மூன்று மாதத்தில் மறுபடி வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். வயலில் நட்ட நாற்றை யாராவது பிடுங்கி மறுபடி நாற்றங்காலில் வைத்துப் பார்த்ததுண்டா? வேர் அறுந்துவிடும். உங்கள் ஆட்டத்தில் ஆள் போகலாம், வரலாம் என்றால் இந்த உவமை நடுவில் முறிகிறது.

அடுப்படிப் பதத்துக்கு அந்தக் குறை கிடையாது. அதிரசத்துக்குப் பாகு வைக்கும்போது ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்போம். உருளாமல் கரைந்தால் மறுபடி அடுப்பில் வைப்போம். கொஞ்சம் கூடிவிட்டால் தண்ணீர் தெளித்து இறக்கலாம். பார்க்காமல் மாவைக் கொட்டினால்தான் போச்சு. பதம் தவறினாலும் திரும்பிப் போக வழியுண்டு என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நடவைச் சேர்த்து அதை ஏன் அடைக்கிறீர்கள்?

"மடையடைப்பு"ம் அப்படித்தான். நானும் நீங்களும் ரசிப்போம். சென்னையில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு மடை என்றால் என்னவென்று ஒரு பத்தி எழுத வேண்டியிருக்கும். கலைச்சொல்லுக்கு அது கூடாது.

அக்கா

---

அக்கா, வணக்கம்.

நீங்கள் சொன்னது சரி, நடவை விட்டுவிடுகிறேன். உங்கள் மடலைப் படித்ததும் முதலில் ராய் ஹாலடேதான் நினைவுக்கு வந்தார். டொராண்டோ புளூ ஜேஸ் பந்துவீச்சாளர். 2000ஆம் ஆண்டில் அவர் 9 இன்னிங்ஸுக்குச் சராசரியாக 10.64 ரன் கொடுத்தார், படுமோசம். மறு ஆண்டு அவரை டனிடினுக்கு, ஹை-ஏ வரைக்கும் இறக்கிவிட்டார்கள். மெல் குவீன் என்ற பயிற்றுநர் அவர் கை வீசும் கோணத்தையே மாற்றினார். அதே ஆண்டில் மேலே வந்தார். 2003இலும் 2010இலும் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது, 2019இல் பேஸ்பால் புகழ் மாளிகையில் இடம். அந்த ஆள் நட்ட நாற்றாக இருந்திருந்தால் 2001லேயே கதை முடிந்திருக்கும்.

எதிர்ப்பக்கத்தில் வில்லி மேய்ஸ் இருக்கிறார். மினியாபோலிஸ் மைனர் லீக் அணியில் 35 ஆட்டங்களில் .477 சராசரி (ஏறக்குறைய இரண்டு முயற்சிக்கு ஒரு ஹிட்) வைத்திருந்தவரை 1951 மே மாதம் நியூயார்க் ஜயன்ட்ஸ் அழைத்தது. முதல் 26 முயற்சிகளில் ஒரே ஒரு ஹிட். என்னைத் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று உடைமாற்றும் அறையில் அழுதார். மேலாளர் லியோ டுரோச்சர் மறுத்துவிட்டார். நடுக்களத்தில் தன் ஆள் நீதான் என்று சொல்லி ஆட வைத்தார். அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் மேய்ஸ்தான். தொடக்க எண்களை மட்டும் பார்த்தால் மேய்ஸும், முன்னே சொன்ன ஜாக்சன் ஹாலிடேயும் ஒன்று. மேய்ஸைக் களத்திலேயே விட்டார்கள், ஹாலிடேயை மறுபடி அடுப்பில் வைத்து எடுத்தார்கள். இரண்டும் பதம் பார்த்தவர் எடுத்த முடிவு.

ஆகவே "அழைப்புப் பதம்" என்று மாற்றிக்கொள்கிறேன். மேலே அழைப்பதை "மேலழைப்பு" என்று ஏற்கெனவே குழுவில் பேசியிருக்கிறோம், அதோடும் ஒட்டும். "மடையடைப்பு"க்குப் பதில் "பணிநாள் தடுப்பு". 2022இல் வந்த ஒப்பந்தம் புதுமுக விருது வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடம் பிடிப்பவருக்கு முழு ஆண்டுக் கணக்கைக் கொடுக்கிறது. அந்த விதியை விளக்கவும் இந்த நேரடிச் சொல்தான் வசதி என்று எழுதிப் பார்த்தபோது தெரிந்தது. "நாற்றங்கால் அணிகள்" மட்டும் இருக்கட்டும்; அங்கே வளர்ப்பதுதான் பொருள், உவமை முறியவில்லை.

கிளைட் கட்டுரையில் அந்த வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்: "ரேஞ்சர்ஸ் அணி அழைப்புப் பதம் பார்க்காமல் கிளைடைக் களத்தில் இறக்கியது."

ஈரோட்டு ஐயாவுக்கு இதில் மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன், அன்றைக்குத்தான் சொற்பட்டியலில் ஏற்றப்போகிறேன். மேலே வருவார் என்று எதிர்பார்க்கப்படும் இளம் வீரரைக் குறிக்கும் "பிராஸ்பெக்ட்" இன்னும் மீதி இருக்கிறது. "நாற்று வீரர்" என்று மனதில் வைத்திருந்தேன், அக்காவின் மடலுக்குப் பிறகு அதையும் மறுபடி யோசிக்க வேண்டும்.