மந்திரமே அறியாத வாயிற்காவலர்: ஃபைட்டருக்கு ஒரு புதிய சப்கிளாஸ்

வாயிலோன்:
வணக்கம். எங்கள் குழு பகடை உருட்டிக் கதாபாத்திரமேற்று ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை, 2014ஆம் ஆண்டு விதிநூலின்படி ஆடிவருகிறது. ஃபைட்டராக, அதாவது போர்வீரராக, ஆடும் நண்பர் மந்திரத்தின் சாயலே படாத ஒரு காவலராக இருக்க விரும்புவதால், அவருக்கென்று ஒரு சப்கிளாஸ் (ஃபைட்டர் வகுப்பின் உட்பிரிவு) எழுதுகிறேன். அவர் வாசலில் நின்றுவிட்டால் எதிரி தாண்டிப் போகக் கூடாது என்பதே அதன் கரு. மூன்றாம் நிலையில், தன் முறையில் நகராமல் நின்றால் அவருடைய ஆர்மர் கிளாஸும் (எதிரியின் அடி படுவதைக் கடினமாக்கும் எண்) அவர் விளைவிக்கும் சேதமும் தலா 2 கூடும் என்று எழுதியிருக்கிறேன். இது அளவுக்கு மிஞ்சியதா, போதாதா?

இருபதுமுகப்பகடை:
எண்களைப் பார்ப்பதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள்: நீங்கள் எழுதியதில் எதிரியைத் தடுக்கும் விதி எதுவுமே இல்லை. 5 அடி வாசலை எந்த ஃபைட்டரும் இப்போதே அடைத்து நிற்கலாம், ஏனெனில் உருவ அளவில் இரண்டு படி வேறுபாடு இல்லாத எதிரி அவர் நிற்கும் கட்டத்தின் வழியே நுழைய முடியாது. சிக்கல் 10 அடி வாசலில்தான் தொடங்குகிறது. அங்கே நான்கு கோப்ளின்கள் (குட்டை உருவ அரக்கர்கள்) பக்கவாட்டில் ஓடினால், பிறர் முறையின்போது உடனடியாகச் செயல்பட ஒரு சுற்றுக்கு ஒரே ரியாக்‌ஷன் என்பதால் அவர் ஒன்றைத்தான் வெட்ட முடியும். ஆர்மர் கிளாஸ் கூடினால் நிலைமை இன்னும் மோசமாகும். அடிக்க முடியாதவரை விட்டுவிட்டு, பின்னால் நிற்கும் மந்திரவாதியான விசார்டைத்தான் எந்த எதிரியும் தேடிப் போவான்.

ஃபைட்டரின் கேவலியர் சப்கிளாஸ் இதே சிக்கலைத்தான் தீர்க்க முயல்கிறது. பத்தாம் நிலையில், எட்டும் தூரத்துக்குள்ளேயே 5 அடி நகரும் எதிரியை வெட்டி நிறுத்தலாம். பதினெட்டாம் நிலையில், பிறர் ஒவ்வொருவரின் முறையிலும் வாய்ப்புத் தாக்குதலுக்கென்று (எட்டும் தூரத்தை விட்டு விலகும் எதிரியை வெட்டுவதற்கென்று) தனி ரியாக்‌ஷன் கிடைக்கும். அதை அப்படியே மூன்றாம் நிலைக்கு இறக்கினால் ஆட்டம் குலைந்துவிடும். குறுகிய ஓய்வுக்கு (சண்டைகளுக்கு இடையே எடுக்கும் இளைப்பாறலுக்கு) இருமுறை மட்டும் என்று வரம்பு வைத்தால் தாங்கும் என்று நினைக்கிறேன்.

கணக்கப்பிள்ளை:
வரம்பை எங்கே வைப்பது என்பதற்கு ஓர் அளவுகோல் தருகிறேன். ஃபைட்டரின் மற்றொரு சப்கிளாஸான பேட்டில் மாஸ்டருக்கு மூன்றாம் நிலையில் நான்கு எட்டுமுகப் பகடைகள், சராசரி 4.5 வீதம், ஒரு குறுகிய ஓய்வுக்கு 18 சேதம், அதற்கு மேல் எதிரியை வீழ்த்துவது, தள்ளுவது போன்ற விளைவுகள். சாம்பியன் சப்கிளாஸுக்கோ இருபதுமுகப் பகடையில் 19 விழுந்தாலும் கிரிட்டிகல் (சேதப் பகடைகள் இருமடங்காகும் அடி) என்பது மட்டுமே. இரு ஆறுமுகப் பகடை உருட்டும் பெருவாளில் அதன் மதிப்பு ஒரு தாக்குதலுக்கு 0.35தான், இருபது முறை வாள் வீசினாலும் கூடுதலாகச் சேர்வது 7. இரண்டுக்கும் நடுவில் உங்கள் சப்கிளாஸ் நின்றால் போதும். ஒவ்வோர் அடியிலும் 2 கூட்டும் உங்கள் விதி இருபது தாக்குதலில் பாதி பட்டால்கூட 20ஐத் தொடுகிறது. ஆடுபவர் அதற்காக எதையும் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கவில்லை.

நடைபாதை:
சண்டை இல்லாத வேளையில் இந்தக் காவலர் என்ன செய்வார் என்பதை ஒருவரும் கேட்கவில்லை. ஏழாம் நிலையில் பேட்டில் மாஸ்டர் ஒரு நிமிடம் கவனித்தே எதிராளி வலியவரா மெலியவரா என்று அறிந்துகொள்கிறார். அதில் மந்திரம் ஏதும் இல்லை. ஒரு கட்டடத்தைச் சுற்றிப் பார்த்தே அதன் வாசல்கள், காவல் மாறும் நேரம், பூட்டின் தரம் ஆகியவற்றைக் கணித்துவிடும் திறனை உங்கள் காவலருக்குக் கொடுங்கள். வாயிற்காவலராக இருந்தவருக்கு அது தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

வாயிலோன்:
மூவருக்கும் நன்றி. கூட்டல் 2 இரண்டையும் நீக்கிவிட்டேன். இப்போதைய வடிவம் இது: தன் முறையில் கிடைக்கும் சிறு கூடுதல் செயலான போனஸ் ஆக்‌ஷன் செலவிட்டுக் காலூன்றினால், அடுத்த முறை வரை அவர் நகர முடியாது, அவரைச் சுற்றி 5 அடிக்குள் எதிரி கடக்கும் ஒவ்வோர் அடிக்கும் இருமடங்கு நடை செலவாகும், குறுகிய ஓய்வுக்கு இருமுறை, வாய்ப்புத் தாக்குதலுக்கு மட்டும் கூடுதல் ரியாக்‌ஷன். வாசலைக் கணிக்கும் திறன் ஏழாம் நிலையில் வரும். ஞாயிறு ஆட்டத்தில் 10 அடி வாசலும் நான்கு கோப்ளின்களும் வைத்துப் பார்க்கப் போகிறேன்.